நெற்றியில் வைத்த கை

எனக்கு நான்கு மொழிகள் தெரியும், சார். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடையில் கொஞ்சம் உருது, வேலைக்கு ஆங்கிலம். அதனால், மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வங்கி வேலையை விட்டுவிட்டு நான் தொடங்கிய நிறுவனம் அது. புகையில்லாத கரி அடுப்பை ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தோம். விறகுப் புகையில் இருமிச் சாகிற பெண்களுக்கு நல்லது செய்யத்தான் ஆரம்பித்தேன். இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில், லண்டனில் வணிக நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் எங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்தார்கள். அவர்கள் நல்லபடியாக அறிக்கை எழுதினால் அங்கேயுள்ள ஓர் அறக்கட்டளை எங்களுக்குக் கைகொடுக்கும்.

பொம்மசந்திராவில் எங்கள் அடுப்பை வாங்கியிருந்த மங்களத்தின் வீட்டுக்கு நான்தான் அவர்களைக் கூட்டிப்போனேன். தருமபுரிப் பக்கத்துப் பெண். கணவன் உத்தமனுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒற்றை அறை, ஒரு கைக்குழந்தை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அடுப்பு எப்படி இருக்கிறது என்று கிளாரா என்ற மாணவி கேட்டாள். மங்களம் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தே பேசினாள். எனக்குச் சுருக்கென்றது.

"பொகையே இல்லீங்க. ஆனா குளிருக்குக் கதவ சாத்துனா தல கிர்ருனு சுத்துது. பாப்பா வாந்தி எடுக்குது. நீங்க படிச்சவங்க, என்னன்னு பாருங்க." நெற்றியில் கை வைத்துக் காட்டினாள்.

மூடிய அறையில் கரியின் விஷவாயு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பொறியாளர் சேஷகிரி தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்.

புகையே இல்லை என்கிறாள் என்றேன். அதில் பொய் இல்லை. நெற்றியில் ஏன் கை வைத்தாள் என்று கிளாரா கேட்டாள். இவர்கள் பக்கத்தில் நன்றி சொல்வது அப்படித்தான் என்றேன். உடனே அந்தப் பெண் தன் நெற்றியில் கை வைத்து, மங்களத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். சொன்னது புரிந்துவிட்டது என்று மங்களத்தின் முகம் மலர்ந்தது.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா சொன்னாங்க?"

"பயப்பட ஒண்ணுமில்லையாம். புது அடுப்பு, கொஞ்ச நாள்ல பழகிடுமாம்."

"அவங்களே சொல்லிட்டாங்கன்னா சரிக்கா."

பொங்கலுக்கு முந்தின வாரம் கடுங்குளிர். ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்த உத்தமன் கதவை உடைத்துத் திறந்தான். தாயும் பிள்ளையும் பாயில் தூங்குகிற மாதிரியே கிடந்தார்கள். அவன் என்னிடம் ஒன்று மட்டும்தான் கேட்டான்.

"வெள்ளக்காரங்களே பயப்படாதேன்னாங்கன்னு சொன்னாளே, பாகீரதி மேடம். நெசந்தானா?"

ஆமாம் என்றேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான்.

அறக்கட்டளை கைகொடுத்தது. அடுப்பை மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். போன மாதம் அல்சூரில் அதே போல இன்னொரு வீடு. அதற்குத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் தெரிந்தேதான் செய்தேன், சார். மறுக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மங்களத்தை என் கூடப்பிறந்தவள் மாதிரி நினைத்திருந்தேன். தலை சுற்றுகிறதென்றால் முதலில் என்னிடம் அல்லவா வந்து சொல்லியிருக்க வேண்டும்? முன்பின் தெரியாத ஒருத்தியை நம்பினாள், என்னை நம்பவில்லை. அந்தத் துரோகத்தைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.