பீலி வற்றிய மலையின் படம்

— இது மேக நிழல், சுபாஜினி. நீர் இதைக் கட்டடம் எண்டு சிவப்படிச்சு வச்சிருக்கிறீர்.

— இல்லீங்க கஜரூபன் சார். நிழல்னா அடுத்த வருசத்து சாட்டிலைட் படத்துல காணாமப் போயிருமே. இது வருசா வருசம் அதே எடத்துல நிக்குது. போன வாரம் நானே மலையேறிப் பாத்துட்டு வந்தேன். ஹோட்டல்காரங்க போட்ட கார் பார்க்குங்க அது. நாளைக்குப் பதுளைக் கச்சேரியில, அரசாங்க அதிபர் நடத்துற விசாரணையில இந்தப் படத்தத்தான் வைக்கப் போறேன்.

— பழைய படம் மழை நாளில எடுத்ததா இருக்கும். புதுசு வெயிலுக்க எடுத்தது. எந்த மலையும் காஞ்சுதானே தெரியும்?

— ரெண்டுமே பெப்ரவரி மாசத்துப் படம். மேகமில்லாத நாளாத் தேடித் தேடிக் கண்ணே பூத்துப்போச்சு. நம்ம மலையில சாட்டிலைட்டுக்கும் மூட்டம்தானே!

— உங்கட பூனாகலைச் சனம் போஞ்சியும் கரட்டும் போடக் காட்டை வெட்டினதாலதான் ஊத்து வத்தினது, மண் சரியுது, லயத்து வரிசை வீடுகளைக் காலி பண்ணோணும் எண்டு தேயிலைத் தோட்டக் கம்பனி சொல்லுது. அதுக்கு என்ன சொல்லுறீர்?

— அந்த மரக்கறித் தோட்டமெல்லாம் பழைய படத்துலயே இருக்குங்க. இந்தா பாருங்க, இந்தக் கட்டம் கட்டமா. அப்ப ஊத்துல இருந்து லயத்துப் பீலிக் கொழாயில ராப்பகலாத் தண்ணி கொட்டுச்சு. பண்டாரவளை டவுன் மலையேறி வந்த பொறகுதான் மேல இருந்த காடு கொங்கிரீட்டா மாறிச்சு. மழைத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்க எடமில்ல. வடிகான் வழியாப் பாஞ்சு, லயத்துக்குப் பின்னால மண்ண அரிச்சுக்கிட்டு ஓடுது.

— மழையே குறைஞ்சிட்டுதாக்கும்.

— பக்கத்துப் பள்ளத்துலயும் அதே மழைதான் பேயுது. அங்க காட்ட யாரும் தொடல. ஓடை இன்னும் ஓடுது.

— ம்ம். நீர் அந்த லயத்துப் பிள்ளை. கொம்மா இப்பவும் அங்கதான். சொந்தச் சனத்துக்காக வரைஞ்ச படம் எண்டு ஆரும் தூக்கிப் போட மாட்டினமோ?

— எங்கம்மா ஜெயலெட்சுமி அங்கதான் இருக்காங்க. ஒரு கொடம் தண்ணிக்கு ரோடு வரைக்கும் ஏறுறாங்க. ஆனா படத்த எடுத்தது நானில்லீங்களே! யாரு வேணும்னாலும் நெட்டுல இருந்து சும்மா எறக்கிப் பாக்கலாம். அவங்களே ஒரு ஆள வச்சு வரையட்டும். இதே செவப்புத்தான் வரும்.

— அப்ப ஒண்டு கேக்கிறன். உங்கட லயமும் மண்சரிவு எல்லைக்குள்ளதான் கிடக்கு. உம்மட படமே காட்டுது. அதை மட்டும் அழிச்சு விட்டால் உமக்கு வசதி.

— அழிக்க மாட்டேன். ஆபத்துன்னா ஆபத்துதான். லயத்த விட்டு எங்கள எழுப்பணும்னா நல்ல எடத்துல வீடு கட்டிக் குடுத்துட்டு எழுப்பட்டும். ஆனா எங்கள எழுப்புன மண்ணுல இன்னொரு ஹோட்டல் வரக்கூடாது. அத நான் சொல்லாம கச்சேரிய விட்டு எறங்க மாட்டேன்.

— உமக்குக் கோவம் வருது.

— வராதா சார்? ஒரே ஆபீசுல பக்கத்து மேசையில இருந்து இதே மாதிரிப் படம் வரைஞ்சவங்க நீங்க. தைரியமா ரெண்டு வார்த்த சொல்ல வந்தீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா கம்பனிக்காரங்க மாதிரியே கொடையுறீங்க.

— கம்பனி தங்கட நிபுணர் எண்டு என்னைத்தான் பிடிச்சிருக்கு, சுபாஜினி. நாளைக்கு எதிர்ப்பக்கம் இருந்து இந்தக் கேள்வியெல்லாம் கேக்கப் போறது நான்தான். இப்ப சொன்னதில ஒரு சொல்லும் குறையாமல் அங்கையும் சொல்லும்.