கோடு வரைக்கும் எண்ணெய்

இல்ல சார், உங்கள நம்பாம பேசல. நீங்க சொன்னது அத்தனையும் உண்மைதான். அந்தக் கம்பிய மட்டும் திரும்ப பேப்பர்ல சுத்தி பைக்குள்ள வச்சுருங்க. பாத்துட்டேன், போதும். உக்காருங்க. ஐயோ, அதுல இல்ல, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஊரார் வீட்டு மிக்ஸி, மோட்டார் எல்லாம் என் கைக்கு வருது. சொந்த வீட்டு நாற்காலிக்குத்தான் நேரம் வாய்க்கல.

என் சம்சாரம் கடைக்குத்தான் போயிருக்கா. பக்கத்துத் தெருதான், ஆனா வழியில நாலு பேர நிறுத்திப் பேசாம வர மாட்டா. அதுக்குள்ள பேசிரலாம்.

நான் அந்தக் காகித மில்ல விட்டு வந்து எத்தனையோ வருஷம் கழிச்சு இன்ஜினியரா வந்தவரு நீங்க. என் முகம் கூட தெரியாது உங்களுக்கு. இருந்தும் விலாசம் விசாரிச்சு இவ்வளவு தூரம் வந்து, உங்க மேல தப்பில்லைங்க, கண்டுபிடிச்சுட்டோம்னு சொல்றீங்க. சந்தோஷம்தான். சந்தோஷமாத்தான் இருக்கணும்.

கம்பி மாறினது கூடவா தெரியலனு கேட்டீங்கல்ல. நியாயமான கேள்வி. நானே என்னை எத்தன தரம் கேட்டிருக்கேன். சொல்றேன்.

அந்த அரவைத் தொட்டி ரெண்டும் ரெட்டப் புள்ளைங்க மாதிரி. பழைய காகிதத்த ஊறப் போட்டு கூழா அரைக்கற தொட்டி. ரெண்டுக்கும் அடியில ஒரே அளவு கியர்பாக்ஸ். எடது பக்கம் என் பொறுப்பு, வலது பக்கம் என் மச்சினன் பொறுப்பு. என் சம்சாரத்தோட தம்பி. நான்தான் உள்ள சேத்து விட்டேன். எனக்குக் கல்யாணம் ஆனப்போ அவன் அரை டிராயர். மாமா மாமானு காலச் சுத்தி வருவான். மில்லுலயும் அப்படித்தான், சோத்து டப்பாவக் கூட என் பக்கத்துல வந்துதான் தொறப்பான்.

கியர்பாக்ஸ்ல எண்ணெய் அளவு உங்களுக்குத் தெரியாததா. இருந்தாலும் சொன்னாத்தான் கோர்வையா வரும், கேளுங்க. கீழ இருக்கற பல்சக்கரம் எண்ணெயில கொஞ்சம் முழுகி நிக்கணும். அது சுத்தற வேகத்துல எண்ணெய வாரி மேல அடிக்கும். மேல இருக்கற பேரிங்குக்கு அந்தச் சாரல்தான் சோறு, தண்ணி எல்லாம். ரெண்டு விரல் அளவு கொறஞ்சா போதும், கீழ நனையும், மேல ஒரு சொட்டு ஏறாது. சரி, எதுக்கு வம்பு, கூடவே ஊத்தி வைப்போம்னா அதுவும் ஆகாது. அடிச்சு அடிச்சு பால் பொங்கற மாதிரி நுரை பொங்கும், பெட்டியத் தொட்டா கை வெந்துரும், சீல் பிதுங்கி ஒழுக ஆரம்பிச்சுரும். கொறஞ்சாலும் குத்தம், கூடுனாலும் குத்தம். மாமியார் வீட்டுக்குப் போன மருமகன் பேச்சு மாதிரி, அளவா இருக்கணும்.

அந்த அளவச் சொல்றது யாரு? மூடியில செருகி இருக்கற கம்பி. அதுல ஒரு கோடு. காலைல மெஷின் ஓட்டறதுக்கு முன்னாடி, எண்ணெய் நல்லா எறங்கி அடங்கி நிக்கறப்போ மூடியக் கழட்டி கம்பிய இழுப்பேன். துணியால தொடைப்பேன். திரும்ப விட்டு எடுப்பேன். மொதல்ல வர்றது பொய் சார், தொடச்சுட்டுப் பாக்கறதுதான் நெசம். கோடு வரைக்கும் எண்ணெய் ஒட்டியிருந்தா மில்லு அன்னிக்கு ஓடலாம். ஒரு நாள் விட்டதில்ல. காய்ச்சல்ல கூட போயி பாத்திருக்கேன்.

ஒரு தடவ வருஷாந்திர சுத்தத்துக்கு மெஷின நிறுத்தி ரெண்டு பெட்டியிலயும் எண்ணெய் மாத்துனோம். அப்பதான் அவன் தன் கம்பிய ஒடிச்சிருக்கான். ஏணிக்கடியில மாட்டி ஒடிஞ்சுருச்சாம். அவன்கிட்ட கேட்டீங்களா, இதச் சொன்னானா? சொன்னானா, சரி. போர்மேன் திட்டுவார்ங்கற பயத்துல ஒரு இரும்புக் கம்பிய அறுத்து, கண்ணளவுல கோடு கிழிச்சு, புதுசா ஒண்ணு பண்ணிட்டான். அதுவரைக்கும் சரி. பயந்தவன் பண்றதுதான்.

ஆனா பண்ணுன கம்பிய யாரு பெட்டியில போட்டான் பாருங்க. அவன் கோடு சரியானு அவனுக்கே நிச்சயமில்ல. அதனால என் மூடியில இருந்த நல்ல கம்பியக் கழட்டி தன் மூடியில மாட்டிக்கிட்டான். கண்ணளவுக் கம்பிய, இப்ப உங்க பைக்குள்ள இருக்கே அதே கம்பிய, என் மூடியில மாட்டிட்டான். தெனமும் நான் கையில புடிச்சது என்னோட மூடியத்தான். அழுக்கு, தேய்மானம் எல்லாம் எனக்குத் தெரிஞ்ச அதே மூடி. கீழ இருக்கற கம்பி வேறனு எப்படித் தோணும்? மூஞ்சி தெரிஞ்ச ஆளு கால மாத்தி மாட்டிட்டு வந்திருப்பானானு யாராவது குனிஞ்சு பாப்பாங்களா?

எண்ணெய் ஊத்துனப்போ வழக்கத்த விட கொஞ்சம் கொறச்சலாத்தான் புடிச்சுது. பழசு அடியில தங்கியிருக்கும்னு விட்டுட்டேன். கோடு சரினு சொல்லுதே. கோட்ட விட நான் பெரியவனா?

நாள் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு நாள் காலைல வழக்கம் போல பாத்தேன், கோடு வரைக்கும் எண்ணெய். சரினு சொல்லி ஓட்டி விட்டேன். அந்த நேரம் பாத்து என்னைத் தண்ணி பம்பு பக்கம் வரச் சொன்னாங்க, போயிட்டேன். கிட்ட இருந்திருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும். அங்க இருந்து கேட்டது ஒரே ஒரு சத்தம்தான், இரும்பு வெடிக்கற சத்தம். மேல் பேரிங் எரிஞ்சு இறுகி, இணைப்பு ஒடிஞ்சு, அதுமேல இருந்த தகட்டு மூடி பறந்து போயி காகிதக் கட்டு பிரிச்சுப் போடற அம்மாவோட கையில விழுந்துச்சு. முழங்கைக்குக் கீழ. அந்த அம்மா கத்தக் கூட இல்ல சார். கைய மடியில வச்சுக்கிட்டு, யாரோ குடுத்துட்டுப் போன பொருள் மாதிரி பாத்துட்டே உக்காந்திருந்தாங்க.

நான் ஓடி வர்றதுக்குள்ள மச்சினன் மெஷின நிறுத்திட்டு என் பெட்டி பக்கத்துல நின்னான். என்னைக் கட்டிப் புடிச்சுட்டு அழுதான். எனக்காக அழறான்னு நெனச்சேன்.

அப்பறம் மேனேஜர் வந்து எல்லார் முன்னாடியும் கம்பிய இழுக்கச் சொன்னாரு. இழுத்தேன். கோட்டுக்கு ரெண்டு விரல் கீழ நிக்குது எண்ணெய். அதுக்குள்ள அவன் கண்ணளவுக் கம்பியத் தன் மூடிக்கு எடுத்துட்டு, நல்ல கம்பியத் திரும்ப என் மூடியில மாட்டியிருக்கான். அதத்தான் சொல்றேன். ஆம்புலன்ஸுக்கு ஆளு ஓடுறாங்க, அந்த அம்மா அப்படி உக்காந்திருக்காங்க, இவன் நிதானமா கம்பி மாத்தியிருக்கான்.

தரையப் பாத்தாங்க, காஞ்சு கெடக்கு. ஒழுகல. காலைல கோட்டுல இருந்த எண்ணெய் எங்கய்யா போச்சு, ஆவியாப் போச்சானு மேனேஜர் கேட்டாரு. பாத்தேன் சார்னு சொன்னேன், நம்பல. கம்பியப் பாக்காமலே பாத்தேன்னு சொல்லிட்டு வந்தவன், ஒரு பொம்பள கைய முடமாக்குனவன். அன்னியில இருந்து இதுதான் என் பேரு. வேலைய விட்டு அனுப்பினாங்க, சும்மா அனுப்பினாங்களேனு நிம்மதிதான் பட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் என் சம்சாரமும். அந்த அம்மா கட்டில் பக்கத்துல நின்னு கையெடுத்துக் கும்பிட்டு மன்னிச்சுருங்கம்மானு அழுதேன். அவங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. வெளிய வந்து படியில உக்காந்துட்டேன். என் சம்சாரம்தான் தோளத் தொட்டு, மனுஷக் கண்ணுதானே, தப்பாமயா இருக்கும், விடுங்கன்னா.

விடுங்கன்னா விடுதா? வேலை போனது கூட பெருசு இல்ல சார். கை இருக்கு, பொழச்சுக்கலாம். என் கண்ண நான் நம்பறத விட்டுட்டேன், அதுதான். பாத்தேன்னு மனசு சொல்லுது, பாக்கலன்னு ஊரு சொல்லுது. போகப் போக ஊரு சொல்றதே சரினு பட ஆரம்பிச்சுருச்சு. வீட்டப் பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் போயி திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பேன். கேஸ் மூடினேனானு எந்திரிச்சுப் போவேன். ஒரு மிக்ஸிய ரிப்பேர் பண்ணி அனுப்பிட்டு, ஒயர மாத்திக் குடுத்துட்டோமோ, ஷாக் அடிச்சு யாராவது போயிருவாங்களோனு அவங்க வீட்டுக்கே போயி நிப்பேன். எதுக்கு வந்தீங்கன்னா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்பேன். ஒரு வீட்ல என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாங்க.

என்ன? இல்ல, அவன் பண்ணது இன்னிக்கு உங்க வாயாலதான் தெரிஞ்சுச்சுனு நெனைக்காதீங்க. எனக்குத் தெரியும். போன மழைக்காலத்துல இருந்தே தெரியும். அவனே சொன்னான்.

குடல்வால் ஆபரேஷன் சார் அவனுக்கு. அதுக்குப் போயி என்னமோ எமனே வாசல்ல செருப்பக் கழட்டிட்ட மாதிரி பயந்துட்டான். உள்ள கூட்டிட்டுப் போக வண்டி வந்து நிக்குது, என் கையப் புடிச்சுக்கிட்டான். மாமா, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்னான். எல்லாத்தையும் கொட்டுனான். ஏன்டா பண்ணுன கம்பிய உன் பெட்டியிலயே போட்டுக்கக் கூடாதானு அதத்தான் கேட்டேன். அதுக்கு அவன் சொல்றான், நீங்க கைதேர்ந்தவரு மாமா, எண்ணெய் கொறஞ்சா சத்தத்துலயே கண்டுபிடிச்சுருவீங்கனு நெனச்சேன்னு. பாத்தீங்களா, என் தெறமை மேல அவனுக்கு எவ்வளவு நம்பிக்கைனு.

ஆமா, பொழச்சுட்டான். நாலே நாள்ல எந்திரிச்சு நடந்தான். அப்பறம் என்னைப் பாத்தா ரோட்டுல எதிர்ப்பக்கம் போயிருவான்.

ஏன் மில்லுக்கு வந்து சொல்லலன்னு கேக்கறீங்க. வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

நீங்க சொல்றது நல்ல மனசுல சொல்றதுதான். சாப்பாட்டுக் கூடத்துல எல்லாரையும் நிக்க வச்சு, இந்த ஆளு மேல தப்பில்லனு சொல்லணும்ங்கறீங்க. சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அந்த அம்மா வீட்டுக்குப் போயி அவங்ககிட்ட சொல்லுங்க, அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும். மச்சினன என்ன பண்றதுங்கறது உங்க பாடு, நான் கெடுக்கச் சொல்லவும் மாட்டேன், காப்பாத்தச் சொல்லவும் மாட்டேன். வேலைக்குத் திரும்ப வர்றதப் பத்தி யோசிச்சுச் சொல்றேன். கூடத்துக்குக் கண்டிப்பா வர்றேன்.

ஆனா உங்க சம்சாரத்தயும் கூட்டிட்டு வாங்க, அவங்களும் கஷ்டப்பட்டிருப்பாங்கன்னீங்க பாருங்க. அது மட்டும் வேண்டாம். நான் தனியா வர்றேன்.

தம்பிங்கறதால சங்கடப்படுவாளேன்னா? அது இல்ல சார்.

அன்னிக்கு ஆபரேஷனுக்கு வண்டிய உள்ள தள்ளறப்போ அவன் இன்னொண்ணும் சொன்னான். மாமா, அக்காவுக்கு அன்னிக்கே சொல்லிட்டேன், அவ உங்ககிட்ட சொல்லியிருப்பா, நீங்கதான் பெரிய மனசு பண்ணி என்னைக் காட்டிக் குடுக்காம இருக்கீங்கனு இத்தன வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்னான்.

அன்னிக்கேனா, அடிபட்ட அந்த அம்மாவப் பாக்க நாங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே.

இல்ல, அவகிட்ட கேக்கல. அவன் சொன்னது எனக்குத் தெரியும்னு இன்னிய வரைக்கும் அவளுக்குத் தெரியாது. கேட்டா என்ன சொல்லுவா? தம்பிக்கு அப்ப ரெண்டும் கைக்கொழந்த, அம்மாவும் அவன் வீட்லதான் இருந்தாங்க, என்னை என்ன பண்ணச் சொல்றீங்கம்பா. அப்பறம் அழுவா. அழுதா நான்தான் சமாதானம் பண்ணணும்.

நீங்க நேத்து அவன விசாரிச்சதையும் இந்நேரம் அவளுக்கு போன்ல சொல்லியிருப்பான். அதனால நீங்க எதுக்கு வந்திருக்கீங்கனும் அவளுக்குத் தெரியும். கூடத்துல அத்தன பேர் நடுவுல நீங்க விஷயத்தச் சொல்றப்போ, அவ என் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஐயோ என் தம்பியா இப்படிப் பண்ணான்னு அப்பதான் கேள்விப்பட்ட மாதிரி மூஞ்சிய வச்சுக்கணும். நல்லாவே வச்சுக்குவா சார். எனக்கு அதுதான் பயம். மில்லுக்கு வந்து சொல்லாததும் அதனாலதான்.

வந்துட்டா, செருப்புச் சத்தம் கேக்குது. வாம்மா வா. சார் கெளம்பறேன்னு நிக்கறாரு, நான்தான் நீ போடற டீயக் குடிச்சுட்டுப் போங்கனு உக்கார வச்சிருக்கேன்.