மெரூன் துணி

ஆட்டோ குலுங்குகிறது. தொடைகளுக்கு நடுவே துணி கனக்கிறது. "மெதுவாப் போங்க! பள்ளத்துல உடாதீங்க!" சரசக்கா கத்துகிறாள். என்னைப் பிடித்திருக்கும் அவள் கை வழுக்குகிறது. என் ரத்தம்.

2006. தீபாவளிக்கு முந்தின வாரம். முதலிபாளையத்திலிருந்து திருப்பூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். எனக்கு ஏழாம் மாதம். குழந்தை அசைகிறது. இன்னும் அசைகிறது.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள் நான். பனியன் கம்பெனியில் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். சரசக்கா பக்கத்து மிஷின், பொங்கலூர்க்காரி. அந்த மாதம் முழுக்க ஷிப்மெண்ட் அவசரம். சடசடவென்று ஓயாத சத்தம். பக்கத்தில் பேசினாலும் கேட்காது.

முதல் ரத்தம் போன வாரம் வந்தது. பளிச்சென்ற சிவப்பு. வலி துளியும் இல்லை. சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன்.

"வலிக்குதுங்களா?"

"இல்லண்ணே."

"அப்பறம் என்னங்க? சூடா இருக்கும். எளநி குடிச்சுப்போட்டு உக்காருங்க அம்மிணி."

மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ரத்தம் தானாக நின்றது. எல்லோரும் நிம்மதியானார்கள். வலிக்கவில்லை என்றால் ஒன்றுமில்லையாம். நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆட்டோ ஏறிய அன்று மதியம், டீ பெல் அடித்தபோது, மறுபடி வந்தது. கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை உருவினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "வெள்ளையத் தொடாதீங்க! வெள்ளை வேஸ்ட்டுக்குத்தான் வெல. இத எடுங்க, கறையும் தெரியாது." கையில் திணித்தது மெரூன். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

தெரியவில்லைதான். மாற்றினேன். தைத்தேன். மறுபடி மாற்றினேன். மெரூன் நனைந்தாலும் மெரூன். ஸ்டூலிலிருந்து சொட்டி, கீழே கிடந்த வெள்ளை பனியன் பீஸில் பரவியபோதுதான் கண்ணில் பட்டது.

"மிஷின நிறுத்துங்க! மாசமா இருக்கற புள்ளைக்கு ரத்தம் போவுது!" சரசக்கா அலறினாள். சத்தம் நின்றது. சூப்பர்வைசர் குனிந்தார். என்னைத் தூக்க அல்ல. பீஸை எடுக்க. வாசலில் கம்பெனி வேன் நின்றது. அதில் பெட்டி ஏற்ற வேண்டுமாம். ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரி. நர்ஸ் கேட்கிறாள். எத்தனை துணி நனைந்தது? முழுசாகவா, பாதியா? கட்டி விழுந்ததா? எனக்குத் தெரியவில்லை. என் உடம்பிலிருந்து போனது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. மெரூன் துணியை வாங்கிப் பிழிகிறாள். முகம் மாறுகிறது. கையுறை மாட்டுகிறாள்.

"உள்ள கை வைக்காதீங்க!" டாக்டரம்மா வாசலிலிருந்தே கத்துகிறார். "ஸ்கேன் பாக்காம யாரும் கை வைக்காதீங்க! ரத்தத்துக்குச் சொல்லுங்க!"

குழந்தையின் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, கருப்பை வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. அப்படிக் கிடந்தால் வலிக்காமல்தான் ரத்தம் போகுமாம்; கை பட்டால் இன்னும் கொட்டுமாம். முதல் ரத்தத்தன்றே வந்திருந்தால் படுக்கவைத்து, ஏற்ற ரத்தம் தயாராக வைத்து, பிரசவ நாளைத் தள்ளிப் பார்த்திருப்போம் என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொன்னார். எனக்காகக் கோபப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

மாசமாக இருப்பவர்களே, கேளுங்கள். ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும், வலிக்காவிட்டாலும், நின்றே போனாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெள்ளைத் துணி வையுங்கள். எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். எளநீர் குடி என்று எவனாவது சொன்னால் அவன் தலையிலேயே ஊற்றுங்கள்.

போனவை. ஒரு பெண் குழந்தை. ஒரே ஒரு தடவை அழுதாளாம். ஆபரேஷன் மயக்கத்தில் இருந்தேன், கேட்கவில்லை. ரத்தம் நிற்காததால் எடுத்துப்போட்ட என் கருப்பை. இனிப் பிறக்க இருந்த பிள்ளைகள், எத்தனை பேரோ.

கம்பெனிக்கும் நஷ்டமாக ஒரு வெள்ளை பீஸ் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கறையை எடுத்து, அயர்ன் போட்டு, பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று சரசக்கா சொன்னாள்.