ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

கீசர், எல்லாரும் பயப்படுகிற அளவுக்குச் சிக்கலான சாமான் இல்லை ஐயா. ஒரு டெஸ்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். என்னிடம் இரண்டும் உண்டு. டெல்லி லோதி ரோடு ஆபீஸில் இருபத்தாறு வருஷம் ஃபைல் தள்ளியவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

ஜூலியாவும் நானும் விவாகரத்து வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. அவள் நர்ஸ். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் இருந்ததால் வெளியேறியது நான். முனிர்க்காவில் ஓர் அறை பிடித்தேன். ஆனால் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் கிட்வாய் நகர் போய்விடுவேன். அங்கே குழாய் ஒழுகும், ஃபேன் முனகும். சரிசெய்வேன். ஜூலியா டீ தருவாள். கிளம்புமுன் வேறு எதிலாவது ஒரு திருகாணியைக் கால் சுற்று தளர்த்திவிட்டு வருவேன். அடுத்த ஞாயிறும் டீ வேண்டுமே.

எங்கள் மகள் ஜெனிஃபர் சினிமா படித்தவள். பிரிந்த பிறகு ஒரு கணவனும் மனைவியும் எப்படி வாழ்கிறார்கள் என்று, அலட்டல் இல்லாமல், ஒரு படம் எடுத்தாள். அதில் கணவனாக நடித்தவருக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். "அப்பா, நீங்கதான் ஹீரோ, பக்கா" என்றாள். ஹீரோ என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? புதுச் சட்டை வாங்கினேன்.

ஆர்.கே.புரத்தில் ஓர் அரங்கில் திரையிட்டார்கள். கடைசிக் காட்சியில் அந்த மனுஷன் குனிந்து குழாயைத் தளர்த்துகிறான். அடுக்களையில் நிற்கும் மனைவி, வாஷ்பேசின் கண்ணாடியில் அதைப் பார்க்கிறாள். டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடுகிறாள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. எண்பது நிமிடமும் தூங்கிய தலைமை விருந்தினர், ஓய்வுபெற்ற இணைச் செயலாளர் பாலசுப்ரமணியம், எழுந்து மனித உறவுகளின் நுட்பம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கதாநாயகனை 'வெகுளி' என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

வெளியே சமோசா தட்டோடு நின்ற ஜூலியாவிடம் கேட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத மாசத்துலேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"பாவமா இருந்துச்சுங்க. ஞாயித்துக்கெழமைல வேற எங்க போவீங்க?"

"அரே அப்பா, லைட்டா எடுத்துக்கோங்க" என்றாள் ஜெனிஃபர். "எல்லாருக்கும் உங்கள எவ்ளோ பிடிச்சிருக்கு பாருங்க."

பிடித்துத்தான் இருந்தது. யாரோ என் தோளைத் தட்டி, தன் வீட்டு மிக்ஸியையும் பார்க்க வர முடியுமா என்று கேட்டார்.

ஆறு வருஷம் அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்தவன் நான். நான் குடித்தது பிச்சை டீ என்று அவளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். டிக்கெட் எடுத்த முந்நூறு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் படத்தில்தான் தெரிந்தது. இதற்குத் துரோகம் என்பதைவிட மரியாதையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் பூசைக்குப் போனேன், பாதிரியார் கையால் நன்மை அப்பம் வாங்கினேன், கிட்வாய் நகர் போனேன். "கீசர்ல தண்ணி சூடே ஆக மாட்டேங்குது" என்றாள். முந்தைய வாரம் நான் தளர்த்தியது. சரிசெய்தேன். நன்றாகச் சூடாகும்படியே செய்தேன். அன்று எதையும் தளர்த்தவில்லை. ஒரு வயரை மட்டும் இடம் மாற்றி வைத்தேன். டிசம்பர் மாதம். மறுநாள் அவளுக்குக் காலை டூட்டி. ஆறு மணிக்குக் குளிப்பாள் என்று எனக்குத் தெரியும். ஷாக்கில் ஒரு நொடியில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கேட்டபோது ஆறுதலாக இருந்தது.

ஜூலியாவைக் கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று. குளியலறைக் கதவை நான் மூடவில்லை. அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். அவள் அடுக்களையில்தான் நின்றாள். ஆறு வருஷமாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மட்டும் பார்க்காமலா இருந்திருப்பாள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வயரைப் பழையபடி மாட்டியிருப்பேன். சொல்லவில்லை, டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஏன் சும்மா இருந்தாள் என்பதையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.