குளத்துக்குப் பத்து கெஜம் குறைவு

இந்தக் காலத்தில் யாருக்கும் தன் கையில் தப்பு இருப்பதில்லை. பந்து வளைந்து போனால் மட்டை சரியில்லை. குளத்தில் விழுந்தால் காற்று சரியில்லை. மட்டையைத் தூக்கி எறிந்து எவன் மண்டையாவது உடைந்தால் அவன் நின்ற இடம் சரியில்லை. கோல்ஃப் கிளப்புப் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் மட்டைகளுக்குத் தண்டு மாற்றியவன் நான். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருத்தன் மட்டையைப் பிடிப்பதைப் பார்த்தால், அவன் வீட்டுக் கதவை எப்படிச் சாத்துவான் என்று சொல்லிவிடுவேன்.

நீங்கள் ஒடிந்த தண்டை ஸ்டேஷன் மேசைமேல் வைத்துக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

போன மாதம் பல் டாக்டர் பட்டறைக்கு வந்து பையைச் சுவரில் சாய்த்தார்.

"பெரியவரே, பையில ஒரு ஓட்டை இருக்கு."

"தைக்கிற வேலை எனக்குத் தெரியாது டாக்டர்."

சிரித்தார். வரிசையான பல். "அந்த ஓட்டை இல்ல. மூணாம் நம்பர் வுட் இருநூத்திப் பத்து கெஜம் போகுது. அதுக்கு அடுத்தது அஞ்சாம் நம்பர் இரும்பு, நூத்தி அறுபத்தஞ்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல. ஏழாவது குழியில குளத்தைத் தாண்ட நூத்தி எண்பத்தஞ்சு வேணும். பெருசை எடுத்தா காட்டுக்குள்ள போகுது, சின்னதை எடுத்தா மீனுக்குத்தான்."

வுட் என்றால் தூரமாக அடிக்கிற பெரிய தலை மட்டை, மரம் என்பது பெயருக்குத்தான். மரத்தலையைக் கண்ணால் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஒரு வாரம் டைம் கேட்டேன். அவர் இடது கைக்காரர். இடது கைத் தலை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்காக நாலு கடை ஏறி இறங்கினேன்.

அன்றைக்கும் அவர் என் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு வருஷமாகவே பேசியதில்லை. அதே ஏழாவது குழியில் தம்பி அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பந்து குளத்தில் விழுந்தது. டாக்டர் மட்டையைச் சுழற்றி எறிந்தார். அது தம்பிக்குக் காதின் பின்னால் பட்டது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான். கிளப்புக் கமிட்டி உட்கார்ந்து விசாரித்தது. "அவன் நின்ன இடம் தப்பு" என்றார் டாக்டர். கமிட்டியும் அதையே டைப் அடித்துக் கொடுத்தது. தம்பி பெண்டாட்டிக்கு அவன் பார்த்த வேலையையே கொடுத்தார்கள், பை தூக்க. பெரிய மனசு.

அதற்குப் பிறகு டாக்டர் மட்டையை எறிவதில்லை. திருந்திவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது பந்து குளத்தில் விழுந்தால் பக்கத்தில் இருக்கிற கல் பெஞ்சில் மட்டையை ஓங்கி அடிப்பார். பெஞ்சு விளிம்பில் பதினேழு வடு. தடவிப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு எது பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஏழாம் நம்பர் வுட். எடை குறைந்த, கொஞ்சம் வளைந்து கொடுக்கிற தண்டு. பந்து உயரமாகப் போய்ப் பூ மாதிரி அக்கரையில் இறங்கும். நான் ஐந்தாம் நம்பர் வுட் தலையை எடுத்து, கனமான விறைத்த தண்டைப் பூட்டினேன். அவருடைய வயசுத் தோளுக்கு அதில் பந்து எழும்பாது, தாழப் பறக்கும். பயிற்சி மைதானத்தில் காற்று முதுகுப் பக்கம். அங்கே நூற்றுத் தொண்ணூறு சுளையாகப் போனது. குளத்துக்கரையில் காற்று முகத்தில் அடிக்கும். பத்து கெஜமாவது குறையும்.

"தண்டு கொஞ்சம் விறைப்பா இருக்கே பெரியவரே," என்றார்.

"வளையுற தண்டு வயசானவங்களுக்கு டாக்டர். உங்களுக்கு எதுக்கு?"

இன்னொரு பந்தை எடுத்து வைத்தார்.

அடித்துப் பார்த்ததும், புதுப் பிடி போட்டுத் தருகிறேன் என்று மட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். பிடிக்கு ஒரு சாண் கீழே உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து, மேலே கறுப்புச் சாயம் பூசினேன். பந்தை அடித்தால் தாங்கும். கல்லில் அடித்தால் தாங்காது. கார்பன் தண்டு இரும்பு மாதிரி மடங்காது. சிலும்பாக, ஊசி ஊசியாக ஒடியும். வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லில் மூன்று பழைய தண்டுகளை அதேபோல் தேய்த்து அடித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒடிந்த துண்டு துள்ளி என் இடது தோளை ஒட்டித் திரும்பி வந்தது. கடைசித் தடவை சட்டைக் காலரைக் கிழித்தது. ஒரு கழுத்துக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பெண்டாட்டி பட்டறைக்கு வந்தாள்.

"மாமா, டாக்டரு புது மட்டைய வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"அவன் பையை நீ எதுக்குத் தூக்குற?"

"வழக்கமாத் தூக்குறவருக்குக் காய்ச்சல். தூக்குனா தோளு தேய்ஞ்சா போயிடும்? ஆறு வருஷம் ஆச்சு. நீங்கதான் அதை இன்னும் உப்புக்கண்டம் போட்டு வச்சிருக்கீங்க."

பசை இன்னும் காயவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசிக்கத்தான் செய்தேன். காற்று இப்படிப் பலமாக அடிக்கிற நாள் மறுபடி எப்போது வாய்க்கும் என்று யோசித்தேன். மட்டையை அவள் கையிலேயே கொடுத்தேன்.

"ஏழாவது குழியில அவருக்கு வலது பக்கமா நில்லு. இடது பக்கம் போகாதே."

"அதென்ன மாமா புதுசா?"

"சொன்னதைச் செய்."

என் சொல்லை ஒரு நாளும் தட்டாதவள்.

பந்து குளத்தில் விழுந்தது. டாக்டர் பெஞ்சில் அடித்தார். தண்டு நான் குறித்த இடத்தில் ஒடிந்தது. என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

துவைக்கிற கல்லில் நான் அடித்தது வலது கை வாக்கில். டாக்டருக்கு எல்லாமே பக்கம் மாறும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. நாலு கடை ஏறி இடது கைத் தலை வாங்கி வந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. துண்டு அவருடைய வலது தோளை ஒட்டிப் போனது. அவருக்குக் கீறல்கூட இல்லை. அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லை.

டாக்டர் அவள் கழுத்தைப் பொத்திக்கொண்டு "என் தப்பு, என் தப்பு" என்று அழுதாராம். தம்பிக்கும் சேர்த்து உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாசித்துக் காட்டினீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்கிற ஆள் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பார்.

தலையைத் தேர்ந்தெடுத்தது நான். தண்டைத் தேய்த்தது நான். டாக்டரைக் கொல்வதற்காகத்தான் எல்லாம் செய்தேன், அதை அப்படியே எழுதுங்கள். அவளைக் கொன்றேன் என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். வலது பக்கம் நிற்கச் சொன்னது யார் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நான்தான். சொன்னால் என்ன, ஓரடி தள்ளி நின்றிருக்கக் கூடாதா? அவளுக்கும் கண் இருந்ததே.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் என் கையைப் பிடிக்க வேண்டாம், கதவைத் திறந்தால் நானே நடந்து போவேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் நின்ற இடம் தப்பு.