ஜாடியையும் சேர்த்துப் பூட்டினோம்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் துறைத்தலைவர் பேராசிரியர் டொன்கோர் அவர்களே, குடும்பத்தின் மூத்தவர் நானா அமிசா அவர்களே, ஒஃபின் ஆற்றங்கரையிலிருந்து துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்திருக்கும் உறவுகளே, மாணவர்களே,

முனைவர் அராபா எஷுன் போய் இன்று ஒரு வாரம். அவரோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தவன் என்பதால் என்னைப் பேச அழைத்தீர்கள். நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு உட்காருவேன் என்று நினைத்திருப்பீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள்.

அராபா என்ன செய்தார்? கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் கோத்தார். துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த துகள்கள். ஒவ்வொன்றும் ஒரு சட்டை போட்டிருக்கும். அதனால் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும். சட்டையை ஒரேயடியாகக் கழற்றினால் மொத்தமும் கட்டிதட்டி அடியில் போய் விழும். பதமாகக் கழற்றினால் கைகோத்துக்கொண்டு ஜெல்லாக நிற்கும், இளநீர் வழுக்கை மாதிரி. சட்டையைக் கழற்றும் மருந்தின் அளவு எங்களுக்கும் தெரியும். கைப்பக்குவம் அவருக்குத்தான் தெரியும்.

எதற்கு இந்தப் பாடு? தங்கம் தோண்டுகிறவர்கள் நம் ஆற்றில் பாதரசத்தைக் கொட்டினார்கள். அந்தப் பாதரசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஜெல் இது. அராபா அந்த ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்தது எது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஒருமுறை தலைநகரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். உறைந்துகொண்டிருந்த குப்பியை எடுத்துக் குலுக்கினார். அராபா சொன்னார்: "ஐயா, புள்ளத்தாச்சி வயித்த யாராச்சும் குலுக்கிப் பாப்பாங்களா? கீழ வைங்க." அவர் வைத்துவிட்டார். அந்த ஜெல் உடைந்துபோனது. அராபா மறுபடி ஆரம்பித்தார். எத்தனை உடைந்தன, எத்தனை விரிசல் விட்டன! ஒவ்வொரு முறையும் ஆரம்பித்தார். நடக்கமுடியாமல் போனபிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

கடைசியில் ஒன்று நின்றது. உள்ளங்கை அகலம், ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில்கூட ஜாடியில் அது மூழ்கியிருந்த அசிட்டோன் திரவத்தை மாற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். "எஃப்ரிம், காத்து படவிடாத. காத்து பட்டா சுருங்கிரும், அப்புறம் வெறும் கல்லுதான். நான் வந்ததும் மெஷின்ல வச்சு உலர்த்தலாம்" என்றார். வரவில்லை.

நாம் என்ன செய்தோம்? செத்தவர் அறையைப் பூட்டுவது நம் வழக்கம். வீட்டு அறையைப் பூட்டினோம். அவர் நாளெல்லாம் கிடந்த இடம் ஆய்வகம்தானே என்று, மரியாதைக்காக அதையும் பூட்டினோம். துறைத்தலைவர் சம்மதித்தார். சாவி குடும்பத்துக்குப் போனது. உடல் பிணவறையில் இருக்கிறது; அடக்கத்துக்கு இன்னும் இரண்டு மாதம். அந்த ஜாடியின் மூடியோ சரியாக உட்காராதது; அசிட்டோன் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

நானா, உங்கள் வீட்டுக்கு வந்து சாவியைக் கேட்டேன். நீங்கள் சொன்னதை எல்லோரும் கேட்கட்டும். "அடக்கம் முடியாம அந்தக் கதவு தொறக்காதுப்பா. வழக்கம்னா வழக்கம்தான்." நான் சொன்னேன், "நானா, உள்ள அவ உயிரு இருக்கு." நீங்கள் சொன்னீர்கள், "அவ உயிரு போயித்தான் இங்க உக்காந்திருக்கோம்."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆனால் நானா, இன்னொரு வழக்கமும் நமக்கு உண்டு. வந்தவரிடம் சேதி கேட்கும் முன் தண்ணீர் கொடுப்போம். அன்று எனக்கும் கொடுத்தீர்கள். எதைக் கொடுத்தீர்கள்? கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொட்டலத் தண்ணீரை, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தீர்கள். ஆறு உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. உங்கள் சொந்த ஆற்றிலிருந்து ஒரு குவளை மொண்டு விருந்தாளிக்குக் கொடுக்க உங்களால் முடியவில்லை. அந்த ஒரு குவளைக்காகத்தான் உங்கள் மருமகள் செத்தார். உங்கள் அக்காள் மகள், நானா. எந்த வழக்கத்தை வைத்துக்கொள்வது, எந்த வழக்கத்தை விடுவது?

நேற்று சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். திரவம் ஜெல்லின் தலைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. இன்று எப்படி இருக்கிறதோ, தெரியாது.

தலைவர் அவர்களே, மணி அடிக்காதீர்கள். நானா எழுந்திருக்கிறார். யாரும் அவரை உட்காரச் சொல்லாதீர்கள்.

என்ன நானா? ... பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. "போறதுக்குள்ள அது செத்திருந்தா என்ன பண்ணுவ?" என்று சாவியை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்கிறார்.

செத்திருந்தால், நானா, தச்சரிடம் சின்னதாக இன்னொரு பெட்டியும் செய்யச் சொல்லுங்கள். அராபாவின் பக்கத்திலேயே வைப்போம். மறுநாள் காலையில் நானும் இந்தப் பிள்ளைகளும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம். உடைப்போம், மறுபடி ஆரம்பிப்போம். அந்தச் சாவியை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.