ஓலீட்டா பேர்ட்வெல்லின் பெட்டி

மழைக்காலத்தில் வால்நட் மரப் பலகை கொஞ்சம் உப்பிக்கொள்ளும். எங்கள் பக்கம் ஏப்ரல், மேதான் மழை; அதனால் அந்த மாதங்களில் நான் பெட்டிகளுக்கு மூடி பொருத்துவதில்லை. பித்தளை மூலைகளைத் தேய்ப்பேன், வெயில் எட்டிப் பார்த்தால் பச்சைக் கம்பளித் துணியை வெளியே போட்டு நிறம் மங்க வைப்பேன். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன் நான். இப்போதுகூடப் பாருங்கள், நீங்கள் காபி கொடுத்த காகிதக் கோப்பையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டே இருக்கிறேன். பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கம்.

தொழிலைக் கேட்டீர்கள். பழைய கைத்துப்பாக்கி சேர்ப்பவர்களுக்குப் பெட்டி செய்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் வசதியுள்ளவன் ஒரு ரிவால்வர் வாங்கினால், அதற்கென்றே அளவெடுத்த மரப்பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். உள்ளே துப்பாக்கி படுக்க ஒரு பள்ளம், குண்டு வார்க்கும் அச்சுக்கு ஓர் அறை, வெடிமருந்துக் குடுவைக்கு ஓர் அறை. துப்பாக்கிகள் பிழைத்துக்கொண்டன. பெட்டிகளில் பாதியைத் தையல் சாமான் போட்டுவைத்தே தீர்த்துவிட்டார்கள். அவற்றைத்தான் நான் மறுபடி செய்கிறேன். ஒவ்வொன்றிலும் துணிக்கு அடியில் ராய்ஸ் டாக்கெட் என்று என் பெயரையும் ஆண்டையும் குத்திவைப்பேன். பழையது என்று சொல்லி யாரும் விற்றுவிடக் கூடாது இல்லையா? துல்சா நகர வட்டாரத்தில் விசாரித்துப் பாருங்கள், என்னை ஏமாற்றுக்காரன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

மிஸ் ஓலீட்டா, கல்யாணமானவர் என்றாலும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம், எங்கள் தேவாலய சபையில் முன்வரிசையில் உட்காருபவர். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் சரியில்லாதவர், பாட்டு என்று வந்தால் குரல் மட்டும் கூரையைத் தூக்கும். கணவர் கார்லண்ட் இறந்த பிறகு தனியாக இருந்தார். பிப்ரவரி மாதம் ஒரு தலையணை உறைக்குள் பெட்டியை வைத்து என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

“ராய்ஸு, இதோட கீல் கழண்டு போச்சுப்பா. மூடி என்மேல கோவிச்சுக்கிட்ட மாதிரி கோணிக்கிட்டு நிக்குது. சரி பண்ணித் தாயேன்.”

“துப்பாக்கி எங்க, மிஸ் ஓலீட்டா?”

“அத எங்கண்ணன் மகன் கோய் எடுத்துக்கிட்டான். சுடறத நீ வெச்சுக்க, மூடறத நான் வெச்சுக்கறேன்னு சொல்லிட்டேன்.” சிரித்தார். “ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சா கார்லண்ட் இதத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருவாரு. துப்பாக்கியத் தொடக்கூட மாட்டாரு. சும்மா பாப்பாரு. நான் அவரப் பாத்துக்கிட்டு இருப்பேன். எங்களுக்கு அதான் சினிமா.”

அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். பச்சைத் துணியில் துப்பாக்கி கிடந்த இடம் எண்ணெய் ஊறிக் கறுத்து, துப்பாக்கி இல்லாமலே துப்பாக்கி தெரிந்தது. மூடியின் ஓரத்தில் கார்லண்டின் சுருட்டு ஒரு நகம் அளவுக்குச் சுட்டிருந்தது. சாவித் துவாரத்துக்குக் கீழே பல தலைமுறைகளின் கீறல்கள். அத்தனை வருடங்களாக நான் செய்ததெல்லாம் இதைப் பார்க்காதவன் செய்த ஊகம் என்று புரிந்தது. உட்கார முடியவில்லை. பட்டறைக்குள் நடந்தேன், வெளியே போய் நின்றேன், மறுபடி வந்து திறந்தேன்.

கீல் ஒரு மதியத்து வேலை. ஈஸ்டர் வரை ஆகும் என்று அவரிடம் சொன்னேன். அதற்குள் அதே மாதிரி இன்னொரு பெட்டி செய்தேன்.

அதை எப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகை என்பது மட்டும் போதும். சுருட்டுச் சூட்டைக்கூட அதே வகைச் சுருட்டை வைத்துத்தான் போட்டேன். முத்திரை மட்டும் குத்தவில்லை. அவரிடம் இருந்ததில் இல்லாத ஒன்றை இதில் வைப்பது சரியாகப்படவில்லை.

டப் கில்லியன் கண்காட்சிகளில் பழைய துப்பாக்கி விற்பவன், என் நண்பன். அவனைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குனிந்தான், முகர்ந்தான், நகத்தால் சுரண்டினான். கடைசியில் என்னுடையதைத் தட்டி, “இதுதான் அசல்” என்றான்.

“அது நான் செஞ்சது.”

“அடப்பாவி. உன் பொண்டாட்டி ஏன் ஓடிப்போனான்னு இப்பத்தான்டா புரியுது. மனுசனா நீ? இத அந்தக் கெழவிகிட்ட மாத்திக் குடுத்தாலும் தெரியாது போ.”

விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவனை இதில் இழுக்காதீர்கள். ஆனால் அவன் போன பிறகு யோசித்தேன். டப்புக்கே தெரியாத வித்தியாசம் உலகத்தில் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது என்றால் வித்தியாசம் இல்லை என்றுதானே அர்த்தம்? அவருக்கு ஒரு நல்ல பெட்டி கிடைக்கும், எனக்குப் பார்த்துப் படிக்க ஒன்று இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் என் பெட்டியை அதே தலையணை உறையில் போட்டுக் கொண்டுபோனேன். சமையலறை மேசையில் வைத்துத் திறந்தார். துணியின்மேல் உள்ளங்கையை வைத்தார். மூடினார். என்னைப் பார்த்தார்.

“கீல் நல்லா வந்திருக்கு, ராய்ஸு.”

கூலிக்கு மேல், தான் சுட்ட பீக்கன் கொட்டைப் பலகாரமும் கட்டிக் கொடுத்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. ‘பெட்டி’ என்று சொல்லவில்லை, ‘கீல்’ என்றுதான் சொன்னார். அதை மூடிய பிறகு ஏன் என்னைப் பார்த்தார்?

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்குப் போகிற சாக்கில் அவர் வீட்டு வழியாகப் போவேன். சபையில் அவருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இழைப்புளியைக் கையில் எடுப்பேன், எதற்கு எடுத்தேன் என்று மறந்து நிற்பேன். கடைசியில் போய்க் கதவைத் தட்டினேன். கீல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“உக்காரு” என்றார். தேநீரில் ஐஸ் போட்டுக் கொடுத்தார். “நீயா கொண்டுவந்து குடுப்பேன்னு பாத்தேன். நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்குத்தான அசிங்கம்னு கோய்கிட்டகூட வாயத் திறக்கல.”

“எத, மிஸ் ஓலீட்டா?”

“ராய்ஸு.” குழந்தையிடம் பேசுவது போல இருந்தது. “இது என் பெட்டி இல்ல.”

மறுக்கத் தோன்றவில்லை. “எப்படித் தெரிஞ்சுது?” என்றுதான் கேட்டேன்.

“அது உனக்கு எதுக்கு? என்னோடதக் கொண்டா. இத எடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும் மறந்துருவோம்.”

“எது வித்தியாசம்னு மட்டும் சொல்லுங்க.”

“அது எனக்கும் கார்லண்டுக்கும் உள்ளது” என்று சொல்லிச் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சிரித்திருக்க மாட்டார். ஆனால் அந்தச் சிரிப்போடு நான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அசலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரற்கடையாகத் தேடினேன். கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பது போல இருந்தது. எங்கே சொறிய வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

மே மாதம் அந்தப் புயல் வந்த மதியம், அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். பெட்டி என் வண்டியின் முன் இருக்கையில் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலைச் சொன்னால் பெட்டியைக் கொடுப்பது, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. சூறாவளிக்கு முன்னால் ஆவது போல வானம் பச்சையாகிவிட்டது. நான் வண்டியை நிறுத்தும்போதே ஊரின் எச்சரிக்கைச் சங்கு ஊதத் தொடங்கியது. அவர் கையில் டார்ச்சோடு கொல்லைப்புறத்துப் புயலறையை நோக்கி நொண்டிக்கொண்டு போனார். மண்ணுக்குள் இறங்குகிற பழைய அறை, தரையோடு படுத்துக்கிடக்கும் இரும்புக் கதவு, மேலே காற்றுக்கு ஒரு குழாய்.

“நல்ல நேரத்துல வந்த. கையப் பிடி. கீழ தண்ணி கசியும், ஓடை பக்கத்துல இருக்குல்ல, ஆனா காத்துக்கு இத விட்டா வேற கதி இல்ல.”

கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டேன். பெஞ்சில் உட்கார வைத்தேன். மேலே வந்து கதவைச் சாத்தினேன்.

“நீயும் உள்ள வாடா, கிறுக்கா!”

கதவுக்கு வெளியே ஒரு கொண்டி உண்டு, ஆள் இல்லாதபோது காற்றில் திறந்துகொள்ளாமல் இருக்க. அதை மாட்டினேன். கதவின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். ஆலங்கட்டி விழுந்தது, தோளில் பட்ட காயத்தை உங்கள் டாக்டர் பார்த்தார். குழாய் வழியாக அவர் குரல் நன்றாகக் கேட்டது. எது வித்தியாசம் என்று கேட்டேன்.

முதலில் திட்டினார். இது பெட்டியைப் பற்றிப் பேசுகிற நேரமா என்றார். பிறகு தண்ணீர் வருகிறது என்றார். நான் மறுபடி கேட்டேன்.

“திற, வெளிய வந்து சொல்றேன்.”

“சொல்லுங்க, திறக்கறேன்.”

நியாயமான ஏற்பாடு. அவர்தான் இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “வாசன, ராய்ஸு. வாசன வேற” என்றார். அது சரியில்லை. டப் முகர்ந்து பார்த்தவன். “துணி, துணி கொஞ்சம் சொரசொரன்னு” என்றார். அதுவும் இல்லை. அந்தத் துணியை எத்தனை நாள் தேய்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று தெரிந்தது. உண்மையைச் சொல்லும்படி பொறுமையாகக் கேட்டேன். நான் குரலை உயர்த்தவே இல்லை.

ஓடை கரை தாண்டிக் கொல்லைக்குள் வந்தது. என் பூட்ஸுக்கு அடியில், கதவின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. இடுப்புக்கு மேல் வந்துவிட்டது என்றார். பெஞ்சின்மேல் ஏற முழங்கால் விடவில்லை என்றார். கதவைக் கையால் தட்டினார், எனக்குக் கீழே அது அதிர்ந்தது. அப்போதுதான் சொன்னார்.

“ஒண்ணுமில்ல, ராய்ஸு. ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான். திறப்பா.”

எவ்வளவு நாள் கழித்து எனக்கு உடம்பின் இறுக்கம் விட்டது தெரியுமா? கை அசையாமல் மடியில் கிடந்தது. கொண்டியை எடுக்கத்தான் எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். ஆனால் வெளியே வந்ததும் அவர் சொன்னதை மாற்றிச் சொல்லிவிடலாம் அல்லவா? வயதானவர், ஈரத்தில் நடுங்குபவர், கோபத்தில் எதையாவது சொல்லக்கூடும். அதைக் கேட்டுக்கொண்டு நான் மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

வண்டிக்குப் போனேன். வழியில் மரம் விழுந்து கிடந்ததால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. வீட்டில் ஈரத் துணியை மாற்றிக்கொண்டு படுத்தேன். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் கோய் வந்து பார்த்தபோது கொண்டி மாட்டியபடியே இருந்தது என்கிறீர்கள். இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

ஆமாம், மிஸ் ஓலீட்டாவை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன், காகிதத்தை இப்படித் தள்ளுங்கள். ஆனால் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிட வேண்டும். அவர் பெட்டி அவரிடம்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அவரே தன் வாயால் சொன்னார், அதுவும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்.